சோளத்துக்கு அடிக்கட்டுப் பசளை தேவையா? நகையை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

கடந்த பெரும்போகத்தில், நவம்பர் மாத மழைக்கு இடையே, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சோளத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். விதைத்து மூன்று வாரம் கடந்த பயிர். இரண்டு ஏக்கர் காணி. பெரும்பாலான பகுதி நல்ல பச்சையாக இருந்தது. ஆனால் காணியின் குறுக்கே, ஓர் உழவு இயந்திரம் போகும் அகலத்தைவிடச் சற்று அதிகமான ஒரு பட்டையில் மட்டும் பயிர் குட்டையாக நின்றது. கீழ் இலைகளின் ஓரம் ஊதா நிறம்.

“தம்பி, முழுக்க ஒரே நாளில விதைச்சது. ஒரே விதை. ஏன் இந்த இடம் மட்டும் இப்பிடி?” என்று கேட்டார் காணிக்காரி. ஐம்பதைத் தாண்டியவர். வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பட்டையில் முன்னர் என்ன இருந்தது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதிலதான் மண் அணை போனது. மீள்குடியேறி வந்த பிறகு பெக்கோ போட்டுத் தட்டி மட்டப்படுத்தினது.”

இந்த வருடம் விதைப்புக்கு முன் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அடிக்கட்டுப் பசளை வாங்கக் காசு இல்லை. இருக்கிற ஒரு சங்கிலியை அடகு வைத்து வாங்கலாமா, அல்லது அதை விட்டுவிட்டு நான்கு வாரத்தில் யூரியா மட்டும் போடலாமா? எனக்குத் தெரிந்த விவசாயப் போதனாசிரியர்களிடமும் விவசாயம் படித்த நண்பர்களிடமும் கேட்டேன். வாசித்தேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வன்னியிலும் கிழக்கிலும் சோளம் போடும் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது.

யூரியாவுக்கு அவகாசம் உண்டு, ரி.எஸ்.பிக்கு இல்லை

மானாவாரிச் சோளத்துக்கு விவசாயத் திணைக்களம் பல வருடங்களாகச் சொல்லிவரும் பொதுவான அளவு இது: விதைக்கும்போது ஹெக்டேயருக்கு யூரியா 75 கிலோ, ரி.எஸ்.பி 100 கிலோ, எம்.ஓ.பி 50 கிலோ. பிறகு நான்கு வாரமளவில் மேற்கட்டாக யூரியா 250 கிலோ. ஏக்கர் கணக்கில் சொன்னால் அடிக்கட்டு 30, 40, 20 கிலோ. மேற்கட்டு 100 கிலோ யூரியா.

இதில் யூரியா தருவது நைதரசன், ரி.எஸ்.பி தருவது பொசுபரசு, எம்.ஓ.பி தருவது பொற்றாசியம். மூன்றும் மண்ணில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நைதரசன் தண்ணீரோடு ஓடும். மழை வந்தால் வேருக்கு இறங்கும், கடும் மழை வந்தால் வேரையும் தாண்டிப் போய்விடும். சின்னப் பயிருக்கு அது கொஞ்சம்தான் தேவை. பயிர் முழங்கால் உயரத்துக்கு வரும்போதுதான் நைதரசனை வாரி இழுக்கத் தொடங்கும். பரிந்துரையில் பெரும்பங்கு யூரியா நான்காவது வாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

பொசுபரசு அப்படியல்ல. போட்ட இடத்திலேயே மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வேர் அதைத் தேடி வர வேண்டும். அதுவும் சில மில்லிமீற்றர் தூரத்துக்குள் வந்தால்தான் எடுக்க முடியும். முளைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு விதைக்குள் இருக்கும் சேமிப்பு போதும். அதற்குப் பிறகு நாற்று மண்ணை நம்ப வேண்டும். அந்த நேரத்தில் அதன் வேர் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுதான். அந்தக் கைப்பிடி மண்ணுக்குள் பொசுபரசு இல்லையென்றால் வளர்ச்சி தடைப்படும். இலை ஊதா நிறமாவது அதன் அறிகுறி.

நான்கு வாரம் கழித்து, “ஐயோ, விட்டுவிட்டேன்” என்று ரி.எஸ்.பியை மேலே தூவினால் அது மேல் மண்ணிலேயே கிடக்கும். அந்தப் போகத்துக்குப் பெரிதாக உதவாது. ஆகவே யூரியாவுக்கு யோசிக்க நான்கு வாரம் இருக்கிறது, ரி.எஸ்.பிக்கு விதைக்கும் நாளிலேயே முடிவெடுக்க வேண்டும். நம்மிடம் காசு மிகக் குறைவாக இருக்கும் நாளும் அதுதான். உழவுக் கூலி, விதை எல்லாம் கொடுத்து முடித்த கையோடு இந்தச் செலவு வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் ஒரு காரணம், இங்கே வேறு காரணம்

விதையோடு சேர்த்துக் கொஞ்சம் பசளை வைப்பது சோளம் பெருமளவில் விளையும் அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் பழைய வழக்கம். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கிறார்கள். மண் குளிர்ந்திருக்கும், வெப்பநிலை பல இடங்களில் 10 பாகை செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். குளிர் மண்ணில் வேர் மெதுவாக ஓடும், பொசுபரசும் வேரை நோக்கி மெதுவாகவே நகரும். ஆகவே விதைக்கு அருகில் வைக்கிறார்கள்.

அங்கேயும் இது எல்லா இடத்திலும் இலாபம் தருவதில்லை. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் உட்பட அங்குள்ள ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: மண்ணில் பொசுபரசு குறைவாக இருந்தால் விளைச்சல் கூடுகிறது. ஏற்கனவே போதிய அளவு இருந்தால், பயிர் தொடக்கத்தில் செழிப்பாகத் தெரியும். அறுவடையில் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது.

இந்த இரண்டாவது விடயத்தைக் கவனியுங்கள். அடிக்கட்டுப் பசளை போட்ட பயிர் மூன்றாவது வாரத்தில் கரும்பச்சையாக நிற்பதைப் பார்த்து, “போட்டது நல்லது” என்று முடிவெடுப்பது வழக்கம். அந்தப் பச்சை நிறத்தைச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. தராசில் ஏறும் விதைதான் கணக்கு.

நமது பெரும்போக மண் குளிர்வதில்லை. குளிர் மண் என்ற காரணம் இங்கே கிடையாது. இங்கே மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காணியின் மண்ணில் பொசுபரசு இருக்கிறதா, இல்லையா?

ஒரே காணியில் பல மண்

யுத்தம் கடந்துபோன காணிகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடைப்பதில்லை. பொசுபரசு இடம் நகராத சத்து. ஆகவே முன்பு அந்த இடத்தில் என்ன நடந்ததோ அதன் கணக்கு அங்கேயே கிடக்கும்.

முதலாவது, மண் அணை போட்ட இடமும் அதற்கு மண் வெட்டிய இடமும். பொசுபரசும் உக்கலும் பெரும்பாலும் மேலே உள்ள அரை அடி மண்ணில்தான் இருக்கின்றன. அணைக்கு மண்ணை வழித்தெடுக்கும்போது அந்த மேல் மண் போய்விடுகிறது. பிறகு மட்டப்படுத்தும்போது அடி மண் மேலே வருகிறது. பதுங்கு குழி மூடிய இடங்களும், கண்ணிவெடி அகற்றலின்போது இயந்திரங்கள் ஆழமாகத் தோண்டிப் புரட்டிய இடங்களும் இப்படித்தான். நான் பார்த்த ஊதாப் பட்டை இதற்கு உதாரணம். இந்த மாதிரி இடங்களில் அடிக்கட்டுப் பசளை பலன் தருவதற்கான வாய்ப்பு மிக அதிகம். துத்தநாகக் குறைபாடும் சேர்ந்து இருக்கக்கூடும்.

இரண்டாவது, பழைய வீட்டு வளவும் மாட்டுப் பட்டி கட்டிய இடமும். சாம்பல், எலும்பு, சாணம், அடுக்களைக் கழிவு என்று வருடக்கணக்கில் சேர்ந்த பொசுபரசு அங்கே இருக்கும். இருபது வருடம் ஆள் இல்லாமல் பற்றை மூடிக் கிடந்தாலும் அது போகாது. தொல்லியலாளர்கள் பழைய குடியிருப்புகளைக் கண்டுபிடிக்க மண்ணின் பொசுபரசை அளப்பது இதை வைத்துத்தான். இந்த இடங்களில் ரி.எஸ்.பிக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் வீண்.

மூன்றாவது, பற்றை வெட்டி எரித்துப் புதிதாகத் திருத்திய காணி. சாம்பல் முதல் ஓரிரு போகத்துக்குப் பொற்றாசியத்தையும் கொஞ்சம் பொசுபரசையும் தரும். “முதல் வருசம் பசளை இல்லாமலே நல்லா வந்தது, இப்ப வரேல்லை” என்று பலர் சொல்வதன் விளக்கம் இதுதான்.

நான்காவது, வெங்காயம், மிளகாய், புகையிலை என்று வருடம் முழுக்கப் பசளை கொட்டிய தோட்டக் காணி. அப்படியான மண்ணில் முன்னர் போட்ட பொசுபரசு மிஞ்சிக் கிடக்கும். அதற்குப் பிறகு ஒரு சோளம் போட்டால் அந்த மிச்சத்திலேயே வளர இடமுண்டு.

தடைக் காலத்தில் எப்படிச் சமாளித்தோம்?

இதைப் பற்றிப் பேசும்போது மூத்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். “தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை. யூரியாவைக் கண்ணால காணேல்லை. அப்ப விளையேல்லையா?”

விளைந்தது. ஆனால் எப்படி விளைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டெரு இருந்தது, பட்டி அடைத்தோம், பூவரசங் குழை தாழ்த்தோம். அதற்கு முந்தைய வருடங்களில் போட்ட பசளையின் பொசுபரசும் மண்ணில் இருந்தது. மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம் என்று சொல்லலாம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தபோதும், நவம்பரில் தடையை விலக்கியபோதும் நடந்ததை நாம் பார்த்தோம். அந்தப் பெரும்போகத்தில் நெல்லோடு சோளமும் பலமாக விழுந்தது. அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு நைதரசன் இல்லாமையால் வந்தது. பொசுபரசு இல்லாமை அவ்வளவு வேகமாகக் கண்ணுக்குத் தெரியாது, மெதுவாக வரும்.

ஒரு சிறிய கணக்கு. ஒரு தொன் சோள விதையோடு ஏறக்குறைய 3 கிலோ பொசுபரசு காணியை விட்டுப் போகிறது. ஏக்கருக்கு 2 தொன் எடுத்தால் 6 கிலோ. அதை ஈடுசெய்யக் கிட்டத்தட்ட 30 கிலோ ரி.எஸ்.பி வேண்டும். பரிந்துரை 40 கிலோ. ஆகவே நல்ல மண்ணில் ஒரு போகம் விட்டால் ஒன்றும் ஆகாது. வருடா வருடம் விதையை விற்றுக்கொண்டு, எதையும் திருப்பிப் போடாமல் இருந்தால் ஒருநாள் சேமிப்பு முடிந்துவிடும். சோளத் தட்டையை எரிக்காமல் காணியிலேயே விட்டால் பொற்றாசியத்தின் பெரும்பகுதி திரும்பிவிடும்.

மாட்டெருவிலும் பொசுபரசு இருக்கிறது. கோழி எருவில் இன்னும் அதிகம். ஏக்கருக்கு ஓரிரு தொன் உக்கிய மாட்டெரு போட முடிந்தவருக்கு ரி.எஸ்.பியைக் குறைக்க இடமுண்டு. எப்பாவலப் பாறைப் பொசுபேற்று மலிவு என்று சிலர் கேட்கிறார்கள். அது மிக மெதுவாகக் கரையும். அமில மண்ணில் நிற்கும் தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு ஏற்றது. நூறு நூற்றிருபது நாளில் முடியும் சோளத்துக்கு, நம் பக்கத்து மண்ணில், அதை நம்ப முடியாது.

எப்படித் தெரிந்துகொள்வது?

மண் பரிசோதனைதான் நேரான வழி. மழைக்கு முன் காணியில் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு கொடுக்க வேண்டும். பழைய பசளைப் பையில் போடக்கூடாது. மண் அணை போன பட்டையையும் பழைய வளவையும் மற்ற மண்ணோடு கலக்காமல் தனியாக எடுக்க வேண்டும். கலந்தால் வரும் சராசரி யாருக்கும் உதவாது. எங்கே கொடுப்பது, எப்போது முடிவு வரும் என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவைகள் நிலையத்திலோ கேளுங்கள். ஒல்சன் முறையில் பொசுபரசு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் பொதுவாகக் குறைவு என்று எடுப்பார்கள்.

பரிசோதிக்க முடியாவிட்டால், காணியே பதில் சொல்லும். நான்கு வரிசைக்கு அடிக்கட்டுப் பசளை போடுங்கள், அடுத்த நான்கு வரிசைக்குப் போடாதீர்கள். இதை மூன்று முறை மாறி மாறிச் செய்யுங்கள். தடி நட்டு அடையாளம் வையுங்கள். மேற்கட்டு யூரியாவும் களையெடுப்பும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அறுவடையில் தனித்தனியே நிறுங்கள். அடுத்த வருடம் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

ஊதா இலையைக் கண்டவுடன் பொசுபரசுக் குறைபாடு என்று முடிவெடுத்துவிடவும் வேண்டாம். தண்ணீர் தேங்கினாலும், வேரில் சேதம் இருந்தாலும் ஊதா வரும். சில இனங்களுக்கு அது இயல்பு. மேட்டுப் பகுதியிலும் ஒரே பட்டையாக வந்தால் மண்ணைச் சந்தேகிக்கலாம்.

குறைந்த காசில் போடுவதென்றால்

காணி முழுக்கத் தூவுவதைவிட, விதைக்குப் பக்கத்தில் வைப்பது கைக்கு வேலை கூடியது, ஆனால் பசளை மிச்சம். இரண்டு அடி வரிசை, ஒரு அடி இடைவெளி என்று நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 22,000 குழி வரும். மூன்று பசளையும் சேர்த்து 90 கிலோ என்றால், ஒரு குழிக்கு 4 கிராம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. முழு அளவும் வாங்க முடியாதவர் பாதி அளவை இப்படிப் பக்கத்தில் வைத்தால், அதே பாதியைத் தூவுவதைவிடப் பலன் கூட.

விதையின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். விதையிலிருந்து மூன்று விரல் தள்ளி, மூன்று விரல் ஆழத்தில் வைத்து மண்ணால் மூட வேண்டும். யூரியாவிலிருந்து வெளிவரும் அமோனியாவும் எம்.ஓ.பியின் உப்பும் முளையைக் கருக்கும். யூரியாவையும் ரி.எஸ்.பியையும் கலந்தால் அன்றே போட்டு முடிக்க வேண்டும். கலந்து வைத்தால் நீர்த்துப் பிசுபிசுக்கும்.

அடகுக் கணக்கு

இனி அந்த அம்மாவின் கேள்வி. கணக்கு எளிது: அடிக்கட்டுப் பசளைச் செலவை, ஒரு கிலோ சோளத்துக்குக் கிடைக்கும் விலையால் வகுங்கள். வரும் எண்தான் மேலதிகமாக விளைய வேண்டிய கிலோ. உதாரணத்துக்கு ஏக்கருக்கு 18,000 ரூபாய் செலவு, கிலோ விலை 120 ரூபாய் என்று வைத்தால், 150 கிலோ கூடுதலாக வர வேண்டும். அடகு வட்டியையும் செலவோடு சேருங்கள். நுண்கடன் என்றால் வட்டி இன்னும் ஏறும். விதையும் பசளையும் கடனாகத் தந்து விளைச்சலைத் தாங்களே வாங்கும் முகவர்களிடம் எடுப்பவர், அவர்கள் பசளைக்குப் போடும் விலையையும் சோளத்துக்குத் தரும் விலையையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டு தொன் எடுக்கும் காணியில் 150 கிலோ என்பது நூற்றுக்கு ஏழு, எட்டு வீதம். சத்துக் குறைந்த மண்ணில் அது எட்டக்கூடிய அளவு. பழைய பட்டி நிலத்தில் அது வராது. அங்கே அந்தக் காசை மேற்கட்டு யூரியாவுக்கும் களையெடுப்புக்கும் படைப்புழுவைக் கவனிப்பதற்கும் வைத்திருப்பது புத்தி. மறுபக்கம், பொசுபரசு இல்லாத மண்ணில் யூரியாவை மட்டும் கொட்டுவதும் காசைக் கரைப்பதுதான். வேர் இல்லாத பயிரால் நைதரசனைப் பிடித்துவைக்க முடியாது.

ஆகவே அவருக்கு நான் சொன்னது இது: அணை போன பட்டைக்குக் கட்டாயம் போடுங்கள், உக்கிய மாட்டெருவையும் அங்கேயே கொட்டுங்கள். கிணற்றடியில் பழைய வீடு இருந்த மூலைக்குப் போட வேண்டாம். மிச்சக் காணியில் நான்கு வரிசை போட்டு, நான்கு வரிசை விட்டுப் பாருங்கள். இப்படிப் பார்த்தால் இரண்டு ஏக்கருக்கும் வாங்க வேண்டிய பசளையில் ஏறக்குறைய பாதிதான் தேவைப்படும்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப சங்கிலி வேண்டாம் தம்பி. மகளின்ர தோடு காணும்” என்றார். அடகு வைப்பது இல்லாமல் போகவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு அறுவடை. தோட்டை மீட்கும் காசு கைக்கு வந்த பிறகு, அந்த வரிசைகளை நிறுத்த கணக்கைக் கொப்பியில் எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.